முந்தச் சொன்ன கை

"முந்தலாம்னு முடிவு பண்ணது யாரு, மிஸஸ் ஃபோஸ்?"

ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து வந்த போலீஸ்காரன் நெஸ் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டான். பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆர்லிஸ் ஓட்டிய பஸ்ஸில்தான் அவன் தினமும் வந்து போனான். வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளை என்பதால் தனக்கு நேர் பின்னால் உட்கார வைத்திருந்தாள். இப்போது அறுவை அறைக்கு வெளியே, காபி இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கண்ணைப் பார்க்காமல் பேசினான். உள்ளே அவள் கணவன் கர்ட்டின் காலை மருத்துவர்கள் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வெர்லின் கை காட்டினாரு. நாங்க போனோம்," என்றாள் ஆர்லிஸ்.

நெஸ்ஸின் பேனா நின்றது. "அவரு காட்டலைன்னு சொல்றாரே."

ஆர்லிஸுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பையன் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறான். "நீ கேட்டது அவருக்குச் சரியா விளங்கியிருக்காது. இன்னொரு தடவை கேளு."

"ரெண்டு தடவை கேட்டுட்டேன். நீங்களா வெளிய எடுத்தீங்க, உங்க பின்னாலயே மிஸ்டர் ஃபோஸும் எடுத்தாருங்கறாரு."

அவள் மஞ்சள் மேற்சட்டையை இன்னும் கழற்றவில்லை. வயிற்றுப் பக்கம் முழுக்கக் கர்ட்டின் ரத்தம் காய்ந்து, துணி அட்டை மாதிரி விறைத்திருந்தது.

விஸ்கான்சினின் அந்தக் குன்றுப் பகுதியில் மோட்டார் சைக்கிள் கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மஞ்சள் மேற்சட்டை போட்டு, முகம் முழுக்க மூடும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஓட்டியது வெர்லினுடைய கூட்டம் ஒன்றுதான். பெரியவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமில்லாத மாநிலம் அது. மதுக்கடை வாசலில் தலைமுடியைக் காற்றில் விட்டு நிற்பவர்கள் இவர்களைப் பார்த்து, "ஏய், பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை ரோடு கடத்தி விடுற கும்பல் வருதுடா, வழி விடு!" என்று கத்துவார்கள். கூட்டத்தின் வாயாடி கோர்டி உடனே, "எங்க சவப்பெட்டிக்கு நாங்க அவசரப்படல, நீங்க முன்னால போங்க!" என்று திருப்பிக் கத்துவான். அந்தக் கேலியில் அவர்களுக்கு உள்ளூரப் பெருமை இருந்தது.

பெருமைக்குக் காரணம் வெர்லின் ஸ்கார். அறுபத்தாறு வயது. மாட்டுத்தீவன ஆலையை நடத்தி ஓய்வு பெற்றவர். கோடை வாரக்கடைசிகளில் தொழிற்கல்லூரியின் வாகன நிறுத்துமிடத்தில் ஆரஞ்சுக் கூம்புகளை நட்டு, புதிதாக உரிமம் வாங்க வருகிறவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பார். ஒவ்வொரு சவாரிக்கும் முன்னால் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்துப் பேசுவார். ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம், இடையில் இரண்டு நொடி. முந்தும்போது ஒவ்வொருவரும் தன் கண்ணால் பார்த்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். முன்னால் போனவர் போய்விட்டார் என்பதற்காக யாரும் போகக் கூடாது.

அது வாகன நிறுத்துமிடத்துச் சட்டம். சாலையில் வேறொரு வழக்கம் இருந்தது. டிராக்டரோ எரு வண்டியோ குறுக்கே வந்தால் வெர்லின் முதலில் முந்துவார். முந்திக்கொண்டே எதிரே பார்த்து, பாதை காலியாக இருந்தால் இடக்கையைத் தூக்கி முன்னால் வீசுவார். வா என்று அர்த்தம். பின்னால் இருப்பவர்கள் வரிசையாக வெளியே எடுப்பார்கள். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. பன்னிரண்டு கோடைகளில் அந்தக் கை ஒரு தடவைகூடத் தவறியதில்லை. எழுதி வைக்காத விஷயம், வட்டத்தில் நின்று பேசாத விஷயம். பேசினால் வெர்லினின் பயிற்சியாளர் அட்டை போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆர்லிஸுக்கு இதில் தன் பங்கு தெரியாமல் இல்லை. பஸ் ஓட்டும்போது அவள் யாரையும் நம்புகிறவள் அல்ல. அவள் வழித்தடத்தில் ஒரு ரயில் பாதை குறுக்கிடும். தண்டவாளம் துருவேறிக் கிடக்கும். கடைசி ரயில் போய் வருஷக்கணக்காகிறது. ஆனாலும் தினமும் நிறுத்துவாள், கதவைத் திறப்பாள், பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்வாள், காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடப்பாள். சிவப்பு விளக்கையே நம்பாதவள் ஒரு மனிதனின் கையை நம்பினாள். அதை அவள் யார் கேட்டாலும் ஒப்புக்கொண்டிருப்பாள். ஆனால் கையே இல்லை என்கிறார்கள்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை அது. நாலு வண்டிகள். வெர்லின், ஆர்லிஸ், கர்ட், கடைசியில் கோர்டி. மேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டிராக்டர், வைக்கோல் ஏற்றிய வண்டியை இழுத்துக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. வெர்லின் வெளியே எடுத்தார். டிராக்டரின் முன்சக்கரத்தை எட்டியபோது இடக்கை மேலே போனது. இரண்டு தடவை வீசினார். ஆர்லிஸ் எடுத்தாள். கண்ணாடியில் கர்ட்டின் விளக்கு பின்னாலேயே வந்தது. பாதி வழியில் மேட்டின் மேல் பால் லாரியின் நெற்றி முளைத்தது. அவள் டிராக்டருக்கு முன்னால் மயிரிழையில் நுழைந்தாள். கர்ட்டுக்கு நுழைய இடமில்லை. எதிர்ப் பக்கத்துப் பள்ளத்தில் இறக்கினான். பள்ளத்தில் யாரோ ஒருவரின் வீட்டுப் பாதைக்கடியில் கான்கிரீட் குழாய் இருந்தது; வண்டி அதில் மோதியது.

அவள் ஓடிப் போவதற்குள் வெர்லின் அங்கே இருந்தார். மண்டியிட்டு, தன் இடுப்புப் பெல்ட்டைக் கர்ட்டின் தொடையில் கட்டி இறுக்கிக்கொண்டிருந்தார். "ஆர்லிஸ், மேட்டுக்கு ஓடு! வர்ற வண்டியை நிறுத்து! கோர்டி அந்தப் பக்கம்!" என்று கத்தினார். அவள் ஓடினாள். அவர் மட்டும் அந்தப் பெல்ட்டைக் கட்டியிருக்காவிட்டால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

கர்ட் கண் விழித்து, குழாய்களை எடுத்த பிறகு, அவள் முதலில் கேட்டது அதைத்தான்.

"வெர்லின் கை காட்டினாரு இல்ல? நீ பாத்தேல்ல?"

கர்ட் கூரையைப் பார்த்தான். உதடு வெடித்திருந்தது. "ஞாபகம் இல்ல, ஆர்லிஸ். லாரியோட முகம் மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

இப்படி அடிபட்டவர்களுக்கு அந்த நேரத்து நினைவு போய்விடுவது சகஜம் என்று தாதி சொன்னாள். ஆர்லிஸ் அவன் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள்.

கோர்டியிடம் கேட்டாள். வழக்கமாக நிற்காமல் பேசுகிறவன் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான். "எனக்கு வைக்கோல்தாம்மா தெரிஞ்சுது. நான் வலப்பக்கம் இருந்தேன். வைக்கோல், அப்பறம் உன் பின்விளக்கு. அவ்வளவுதான்." டிராக்டர்காரர் கழுத்தைத் திருப்பி வைக்கோல் சரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அவரும் ஒன்றும் பார்க்கவில்லை.

ஜூலையில் கர்ட் வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டு மேசையை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் கட்டில் போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே காலைச் சுற்றி இரும்புச் சட்டம்; அதிலிருந்து கம்பிகள் தோலைத் துளைத்து எலும்புக்குள் போயின. கம்பி நுழையும் ஒவ்வொரு இடத்தையும் தினமும் உப்புநீரில் நனைத்த பஞ்சால் ஆர்லிஸ் துடைத்தாள். அவன் தலையணையைக் கடித்துக்கொள்வான். "பஸ் கதவை இழுக்கிற மாதிரி இழுக்காதடி," என்பான். "கத்தாத, பின்சீட்டுக்கு அனுப்பிடுவேன்," என்பாள் அவள். இப்படித்தான் அந்த வேலை நடந்தது.

பஸ் கம்பெனி மேலாளர் போன் செய்தார். பள்ளிக்கூடம் திறந்தாலும், விவகாரம் தெளிவாகிற வரைக்கும் அவள் வழித்தடத்தை வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்றார். சில பெற்றோர்கள் கேட்டிருக்கிறார்கள். என்ன கேட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. மளிகைக்கடையில் அவளுக்கே கேட்டது. "புருஷனை லாரிக்கு முன்னால கூட்டிட்டுப் போயிட்டா. பிள்ளைங்களை எப்படிம்மா நம்பி ஏத்துறது?" சொன்னவள் ரொட்டி அடுக்குக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். பார்த்ததும், "ஆர்லிஸ்! கர்ட் எப்படி இருக்காரு?" என்று கட்டிப் பிடித்தாள்.

வெர்லின் வாரம் ஒரு தடவை வந்தார். அரைத்த மாட்டிறைச்சியின் மேல் உருளைக்கிழங்கைப் பரப்பிச் சுட்டு, பாத்திரத்தோடு கொண்டுவந்து வைப்பார். புல்வெட்டும் இயந்திரத்தை இறக்கி அவர்கள் புல்வெளியை வெட்டிவிட்டுப் போவார். ஒரு நாள் ஆர்லிஸ் அதன் பாதையில் போய் நின்றாள். அவர் எஞ்சினை அணைத்தார்.

"கை காட்டினீங்க, வெர்லின். ரெண்டு தடவை."

அவர் தொப்பியால் முகத்தைத் துடைத்தார். குரல் மென்மையாகத்தான் இருந்தது, வகுப்பில் பயந்த மாணவியிடம் பேசுகிற குரல். "ஆர்லிஸ், நான் எத்தனை விபத்து பாத்திருக்கேன். அந்த மாதிரி நேரத்துல மனசு தனக்கு வேண்டியதைக் காட்டிக்கும். உன்மேல யாருக்கும் கோபம் இல்ல. கர்ட்டுக்கே இல்ல. நீயும் உன்னை மன்னிச்சிரு."

அவர் மறுபடி எஞ்சினைக் கிளப்பினார். அவள் ஒதுங்கி நின்றாள். அவர் அவளைச் சுற்றி நேர்த்தியாகப் புல்லை வெட்டிக்கொண்டு போனார்.

அதன் பிறகுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ? அந்த மேட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்தி, கண்ணை மூடி, அந்தக் கையை வரவழைத்துப் பார்த்தாள். வந்தது. ஆனால் எத்தனையோ கோடைகளின் எத்தனையோ கைகள் வந்தன. எது அந்தச் சனிக்கிழமையின் கை என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து, "கர்ட், எனக்குக் கிறுக்குப் பிடிக்குதா?" என்று கேட்டாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "உனக்கு அசதி. போய்த் தூங்கு," என்றான்.

ஆகஸ்டில் கர்ட்டுக்காக ஒரு சவாரி ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பக்கத்தில் யாருக்கு அடிபட்டாலும் அது நடக்கும். சப்பர் கிளப் என்கிற சாலையோர உணவகத்தின் சரளை மைதானத்தில் எழுபது எண்பது வண்டிகள் வந்து நின்றன. தலைக்கவசம் போடாத மதுக்கடை ஆட்கள்கூட வந்திருந்தார்கள். இறைச்சிச் சுருள்கள் கரியடுப்பில் வெடித்துக்கொண்டிருந்தன. பாலாடைக்கட்டியைத் துண்டுதுண்டாகப் பொரித்துக் காகிதத் தொன்னையில் போட்டுக் கொடுத்தார்கள். கர்ட்டைச் சக்கர நாற்காலியில் வைத்து, காலை நீட்டி, நிழலில் நிறுத்தினார்கள். வருகிறவர்களெல்லாம் அவன் தோளைத் தட்டினார்கள்.

"கர்ட், அந்தக் கம்பியெல்லாம் எடுக்கும்போது எனக்குக் குடுத்திரு. ஆட்டுக் கொட்டகைக்கு வேலி போடணும்," என்றான் கோர்டி.

"உன் வாயைக் கட்டவே பத்தாது," என்றான் கர்ட். எல்லாரும் சிரித்தார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் வெர்லின் உணவு மேசையின் மேல் ஏறி நின்றார். கூட்டம் அடங்கியது. கையைக் கீழே தாழ்த்தினால் வேகம் குறை. காலை நீட்டினால் அந்தப் பக்கம் சரளை. தலைக்கவசத்தின் மேல் தட்டினால் போலீஸ் என்றதும் மதுக்கடை ஆட்கள் ஆரவாரம் செய்தார்கள். வெர்லின் சிரித்து, சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கடைசியா ஒண்ணு. இன்னிக்கு நாம எதுக்கு வந்திருக்கோம்னு எல்லாருக்கும் தெரியும். முந்தறப்போ உங்க கண்ணால பாத்துட்டுத்தான் போகணும். முன்னால போறவங்களை நம்பிப் போகாதீங்க, அது உங்க பொண்டாட்டியா இருந்தாலும் சரி. நான் இதை எப்பவும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

சில தலைகள் ஆர்லிஸின் பக்கம் திரும்பி, மரியாதையாகத் திரும்பிக்கொண்டன.

அவள் பொரித்த பாலாடைத் தொன்னையை யார் கையிலோ கொடுத்தாள். யார் என்று பார்க்கவில்லை. மேசையின் முன்னால் போய் நின்றாள்.

"இன்னொரு சைகை இருக்கே, வெர்லின். அதையும் காட்டுங்க."

"எது?"

அவள் இடக்கையைத் தூக்கி முன்னால் வீசினாள். ஒரு தடவை. இன்னொரு தடவை. பின்னால் யாரோ, என்னவென்று புரியாமல், சிரித்தார்கள்.

"அப்படி ஒண்ணு நான் சொல்லிக்குடுக்கறதில்ல, ஆர்லிஸ்," என்றார் வெர்லின்.

"சொல்லிக்குடுக்கறதில்ல. காட்டுவீங்க." அவள் மஞ்சள் மேற்சட்டைகளின் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரோடும் அவள் சாப்பிட்டிருக்கிறாள், மழைக்குப் பாலத்தடியில் ஒதுங்கியிருக்கிறாள். "யாராவது சொல்லுங்க. அன்னிக்கி நடந்ததை விடுங்க. இப்படி ஒரு கை உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

எல்லாரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். கோர்டி அவள் பக்கத்தில் வந்து மெதுவாக, "இன்னிக்கு வேண்டாம்மா. இது கர்ட்டுக்கான நாள்," என்றான்.

"நானும் கர்ட்டுக்காகத்தான் கேக்கறேன்."

சொல்லிக்கொண்டே அவள் கர்ட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. மேசை மேல் நின்றவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்து, தலையை இலேசாக, இடவலமாக அசைத்தான். நினைவு இல்லாதவன் விழிப்பதுபோல் அவன் விழிக்கவில்லை. நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், அடங்கிவிடும் என்று ஒருவன் தன் கூட்டாளிக்குச் சொல்லும் அசைவு அது. வெர்லினும் அதை வாங்கிக்கொண்டு கண்ணைத் தாழ்த்தினார்.

வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமிக் கிளம்பின. ஆர்லிஸ் சவாரிக்குப் போகவில்லை. கர்ட்டின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், இரவல் வாங்கிய வேனின் சாய்தளத்தில் ஏற்றி, பட்டைகளைக் கட்டினாள். ஊர் எல்லையில் பாலாடைக்கட்டி ஆலையின் காலியான முற்றத்தில் வேனைத் திருப்பி நிறுத்தினாள்.

"உனக்கு ஞாபகம் இருக்கு," என்றாள், திரும்பாமல்.

"ஏசியைக் கொஞ்சம் கூட்டு. பின்னால வரல."

"கர்ட்."

அவள் ஏசியை அணைத்தாள்.

"இருக்கு," என்றான்.

"எப்போலேர்ந்து?"

"மறக்கவே இல்ல."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். அவன் பின்னாலிருந்து பேசினான். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறவனுக்கு வருகிற அவசரம் அவன் குரலில் இருந்தது.

"நீ மேட்டுக்கு ஓடிட்டே. அவரு பெல்ட்டை இழுத்துப் பிடிச்சிட்டிருந்தாரு. அழுதாரு, ஆர்லிஸ். மூக்கெல்லாம் ஒழுகுது. 'கர்ட், நீ என் கையைப் பாக்கலதானே? பாக்கலதானே?' திரும்பத் திரும்ப அதே கேள்வி. நான் இல்லைன்னேன். என் உசிரே அந்தப் பெல்ட்டுல இருக்கு, அதைப் பிடிச்சிருக்கிறவர்கிட்ட வேற என்ன சொல்லச் சொல்றே?"

"அங்க சொன்னது சரி. நானா இருந்தாலும் அதான் சொல்லியிருப்பேன். ஆஸ்பத்திரில நான் கேட்டப்போ?"

"அதுக்குள்ள அவரு நெஸ்கிட்டச் சொல்லிட்டாரே. நான் மாத்திச் சொன்னா அவரு பொய்யனாயிருவாரு. பொண்டாட்டி ஜீன் செத்ததுக்கப்பறம் அவருக்கு அந்த வகுப்பை விட்டா என்ன இருக்கு? அதையும் பிடுங்கிட்டா, மறுநாளே கொட்டகைல கயிறு மாட்டிருவாரு. அவரு எனக்கு உசிரைக் குடுத்தவரு."

"எனக்கு என்ன இருக்கு?"

"உனக்கு நான் இருக்கேன்ல."

அவன் அதை மனதாரத்தான் சொன்னான். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். அவளைச் சமாதானப்படுத்திவிட்டதாக நினைக்கிற முகம்.

"நீ தாங்கிக்குவேன்னு நினைச்சேன்," என்றான் மறுபடி. "நீ எதையும் தாங்குவே. உன்னை ஜெயில்லயா போடப் போறாங்க? பஸ்ஸு ரெண்டு மாசத்துல திரும்பக் கெடைச்சிரும். ஊரு பேசும், அப்பறம் வேற யாரையாவது பேசும்."

"அந்த மேட்டுல போய் உக்காந்துட்டு வருவேன். உன்கிட்டதான் வந்து கேட்டேன், எனக்குக் கிறுக்குப் பிடிக்குதான்னு. நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு அசதின்னே."

நெருப்பு மாதிரி வெயில் முற்றத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவள் வேனைக் கிளப்பினாள். சாலையில் ஏறும் முன் இரு பக்கமும் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

வீட்டில் அவனைக் கட்டிலில் ஏற்றி, காலுக்கடியில் தலையணை வைத்து, போர்வையைச் சரிசெய்தாள். இத்தனை வாரமாக எப்படிச் செய்தாளோ அப்படியே செய்தாள். பிறகு சமையலறைச் சுவரில் செருகியிருந்த, நெஸ் கொடுத்த அட்டையில் எண்ணைப் பார்த்து அவனுக்குப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமையானாலும் எடுத்தான். பின்னால் ஏதோ கண்காட்சியின் இசை கேட்டது.

"கர்ட்டுக்கு ஞாபகம் வந்துருச்சு. அவரே சொல்லட்டும்," என்று சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் கர்ட்டின் மார்பின் மேல் வைத்தாள்.

"மிஸ்டர் ஃபோஸ்? கேக்குதா?" நெஸ் கூட்டத்திலிருந்து விலகி நடந்திருக்க வேண்டும்; இசை தேய்ந்தது. "ஜூன்ல நீங்க சொன்னதுல ஏதாவது மாத்தணுமா? ஒண்ணும் அவசரம் இல்ல. நீங்க பாத்ததைச் சொன்னாப் போதும்."

கர்ட் போனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை வேனிலேயே கேட்டுவிட்டாள். அவன் வாய் திறந்தது. பிறகு அவன் கை மெல்லப் போய்க் காலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது.

"ஆர்லிஸ், வலிக்குது," என்றான். "மாத்திரை குடு."

நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வலி உண்மையாகவே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எது என்று அவளால் சொல்ல முடியவில்லை. இனி அவன் எதைச் சொன்னாலும் தனக்கு இப்படித்தான் இருக்கும் என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது.

மாத்திரைகளை எடுத்து வந்தாள். அவன் தலைக்கடியில் கை கொடுத்துத் தூக்கி, தண்ணீர்க் குவளையைப் பிடித்து, விழுங்கும் வரை பொறுத்திருந்தாள். தலையை மெதுவாகத் தலையணையில் இறக்கினாள். பிறகு போனை எடுத்தாள்.

"அவருக்கு மாத்திரை வேணுமாம், நெஸ். வேற சொல்றதுக்கு ஒண்ணும் இல்லையாம்."

"சரிங்க, மிஸஸ் ஃபோஸ். அப்படின்னா நான் இதை..."

"வச்சிடாத. நான் சொல்றேன், எழுதிக்கோ. ஜூன்ல சொன்னதோட இன்னிக்கு வேன்ல அவரு என்கிட்டச் சொன்னதையும் சொல்றேன்."

கர்ட் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தான். முடியவில்லை. "ஆர்லிஸ், வேண்டாம். அந்த ரூம்ல போயாவது பேசு," என்றான்.

அவள் போகவில்லை. நாற்காலியை இழுத்து, அவன் முகம் தெரிகிற இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். அந்தச் சனிக்கிழமை காலையில் நாலு வண்டிகளும் கிளம்பிய நிமிஷத்திலிருந்து, நெஸ்ஸின் பேனா பின்தங்காதபடி, நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தாள்.